கீழ் வீடு

இரண்டாம் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்
ஓசூர் பாகலூர் ரோட்டில் என்னை இறக்கிவிடும்போது
மணி பன்னிரண்டு நாற்பது.
ரோஜாப் பெட்டிகள் ஏற்றிய வேன் ஒன்று
பெங்களூர்ப் பக்கம் போகும்.
கேட்டில் தூங்கும் மாரப்பனிடம்
எழுப்பியதற்கு ஒரு சாரி.
கண்ணைத் திறக்காமலே தலையாட்டுவார்.

லிஃப்ட்டின் கம்பிக் கதவு கூச்சலிடும் என்பதால்
படியேறுவேன், செருப்பு கையில்.
மூன்று மாடி. குளிர் தரையிலிருந்து
குதிகால் வழியாக முழங்காலுக்கு வரும்.
சாவியைத் துப்பட்டாவில் சுற்றித்தான் திருப்புவேன்.
உள்ளே அவர் தூங்குகிறார், விடிகாலை ஐந்துக்கு முதல் ஷிஃப்ட்.
அவரிடம் மட்டும்தான் நான் மன்னிப்புக் கேட்பதில்லை.
கேட்க நேரம் பொருந்துவதில்லை.

மற்றபடி
மிக்ஸி ஓட்டுமுன் ஒரு சாரி, சுவரைப் பார்த்து.
காயப்போட்ட புடவை கீழே சொட்டியதற்கு,
கருவாடு வறுத்ததற்கு,
பக்கத்து நாகரத்னாவிடம் கன்னடத்தில் பாதி, மிச்சம் கையசைவில்.
எதிர்வீட்டுக் குழந்தை ஓடிவந்து என் கதவில் மோதிக்கொண்டபோது
கதவு அங்கே இருந்ததற்கு.

பொங்கலன்று குரூப்பில்
இன்று காலை எங்கள் வீட்டுச் சத்தம் அதிகமாக இருந்திருந்தால் என்று தொடங்கி
எழுத்துப்பிழை கண்டு அழித்தேன்.
அழித்தது நாற்பத்திரண்டு வீட்டுக்கும் தெரிந்தது.
அழித்ததற்கு மன்னிக்கவும் என்று போட்டேன்.
யாரோ கட்டைவிரல் வைத்தார்கள்.
அந்தக் கட்டைவிரலை இரண்டு நாள் யோசித்தேன்.

கம்பெனியில் என் வேலை
ஒயர் கட்டுகளை விளக்கடியில் பிடித்துப் பார்த்து
பழுதுக்குச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவது.
மிச்ச ஸ்டிக்கரை வீட்டுக்குக் கொண்டுவந்து
உன்மேலேயே ஒட்டிக்கொள்கிறாய்.
இது நான் சொன்னதில்லை. ஃப்ரிட்ஜ் கதவில்
அவர் எழுதி வைத்திருந்த சீட்டு.

மாசியில் ஒரு ஞாயிறு
இருநூற்று நான்கு திம்மராயன் பெல் அடித்தார்.
லுங்கிக்கு மேலே இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை.
நான் முந்திக்கொண்டேன்:
சாரிங்க, நேத்து நாற்காலிய இழுத்துட்டேன்.
"அது இல்லம்மா."
கருவாடா?
"அதுவும் இல்ல."
தொண்டையைச் செருமினார்.
"தப்பா எடுத்துக்கக் கூடாது.
உங்க பாத்ரூம் குழாய் கசியுது போல.
எங்க சாமி ரூம்ல தீவாளிலருந்து சொட்டுது."

தீபாவளி.
விரல்விட்டு எண்ணினேன். நான்கு மாதம்.
நான்கு மாதமாக அந்தக் குழாயடியில் குளித்துவிட்டு வந்து
சுவரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன்.

சொல்லியிருக்கலாமேங்க?

"எப்படிம்மா சொல்றது.
செருப்பு மாறி வெச்சதுக்கே அழுவுற மாதிரி நிக்கிறீங்க.
பக்கெட் வெச்சிச் சமாளிச்சிக்கலாம்னு
என் சம்சாரம் சொல்லிட்டா."

கீழே போய்ப் பார்த்தேன்.
முருகனுக்கும் எல்லம்மாவுக்கும் நடுவில் நீல வாளி.
எல்லம்மாவின் குங்குமம் ஓரத்தில் கரைந்திருந்தது.
சீலிங்கில் சப்பாத்தி அளவுக்குப் பழுப்புக் கறை,
அதன் விளிம்பில் ஒரு துளி தடிக்கிறது,
விழவில்லை,
மூன்று பேரும் அண்ணாந்து நிற்கிறோம்.

வாயைத் திறந்தேன்.
சில்லறை சில்லறையாகக் கொடுத்தே தீர்த்துவிட்டேன் போல.
இதற்கு வேண்டிய ஒன்று
எந்தப் பையிலும் இல்லை.

"சாரி வேணாம்மா," என்றார் அந்த அம்மா.
"பிளம்பர் நம்பர் இருக்குதா?"

இருந்தது.
செவ்வாய்க்கிழமை வந்து தரையை உடைத்தான்.
நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்வரை சுத்தியல்,
மொத்தக் கட்டிடத்துக்கும் கேட்க.
குரூப்பில் போடலாம் என்று மூன்று முறை போனை எடுத்தேன்.
போடவில்லை.
நாலாவது முறை, பஸ்ஸில்,
தண்ணி நின்னுதாங்க என்று
திம்மராயனுக்கு மட்டும்.

பதிலுக்கு ஒரு படம்.
வாளி, கவிழ்த்து வைத்தது.

கட்டைவிரல் வைத்தேன்.
அது மரியாதையாக இருந்ததா என்று
ஃப்ரிட்ஜில் சீட்டு ஒட்டிக் கேட்டிருக்கிறேன்.