நாலாவது கால்

என் வேலை முத்திரை குத்துவது.
முதுநகர் மீன் கடைகளில்
தராசைத் தூக்கிப் பார்ப்பேன்,
படிக்கல்லைத் திருப்பி
அடியிலுள்ள ஈயத்தைச் சுரண்டிப் பார்ப்பேன்.
பத்து கிராம் குறைந்தாலும் எழுதிவிடுவேன்.
போன மாதம் மஞ்சக்குப்பத்தில் ஒருவர்
தட்டுக்கு அடியில் புளி ஒட்டியிருந்தார்,
கொட்டை நீக்கிய புதுப்புளி.
"காத்துக்கு ஆடுது மேடம், அதுக்குத்தான்" என்றார்.
எழுதிவிட்டேன்.

வண்டிப்பாளையம் வீட்டில்
மாடிப்படிக்கு அடியில் ஆறடிக்கு நாலடி.
ஸ்கூட்டரை வெளியே தள்ளினால்
ஞாயிற்றுக்கிழமை அதுதான் என் பட்டறை.

திருவரசுக்கு சிப்காட்டில் இரவு ஷிப்ட்.
டிரம் வந்திறங்கும் பேலட்டுகள்
அங்கே உடைந்து கிடக்கும்.
கேட் பாஸ் எழுதி வாங்காமல்
ஒரு சிலாம்பு கூட வீட்டுக்குள் வரக்கூடாது என்றேன்.
வாங்கினான்.
லுங்கியால் கட்டி, பைக்கின் பின்னால்,
ஏழு பலகை.
எந்த நாட்டிலோ சுட்ட எழுத்து,
ஆணி பிடுங்கிய இடமெல்லாம் கறுப்புக் கண்.

இழைப்புளி ஓட ஓட
இந்த ஊரில் முளைக்காத மரம்
இந்த ஊர் வெயிலுக்கு வியர்த்துப்
பிசின் விட்டது.
சீவல் குவியலில்
குட்டி போடலாமா என்று
எதிர்வீட்டுப் பூனை வந்து யோசித்துவிட்டுப் போனது.

எதற்கு ஒரு காபி மேசை?
அவன் ஏழு ஐந்துக்கு வருவான்.
நான் ஏழரைக்குக் கிளம்புவேன்.
நடுவே இருபத்தைந்து நிமிடம்,
அதுவும் அடுப்பு மேடையில் சாய்ந்து நின்றபடி,
ஆளுக்கொரு டம்ளர்
ஆளுக்கொரு போன்.
நான்தான் ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பேன்,
அவன் திரையைத் தள்ளிக்கொண்டே ம் என்பான்.
உட்கார்ந்தால் வேறு மாதிரி இருக்குமோ என்னவோ.
அதை அவனிடம் சொல்லவில்லை.
டம்ளர் வைக்க இடமில்லை என்று மட்டும் சொன்னேன்.

நாலு கால், நாற்பத்திரண்டு சென்டிமீட்டர்.
மூலைமட்டம், கூர்சீவிய பென்சில்,
கோட்டுக்கு வெளிப்பக்கம் ரம்பம்.
முதல் கழுந்து தொளதொளவென்று போனது,
இரண்டாவது அடித்தும் போகவில்லை,
மூன்றாவதில் என் கட்டைவிரல்.
பிளாஸ்திரியோடு மறுநாள் பெட்ரோல் பங்க்கில்
ஐந்து லிட்டர் அளந்தேன்.
"கையில என்னங்க?"
"வீட்டு வேலை."

வஜ்ஜிரம் காய்ந்து
உப்புத்தாள் தேய்த்து
பழைய பனியனால் வார்னிஷ் பூசி
மேலே ரசமட்டத்தை வைத்தேன்.
குமிழி நட்டநடுவில் நின்றது.
தெருவில் யாருமில்லை என்று பார்த்துவிட்டு
அதற்கு ஒரு சல்யூட் வைத்தேன்.

திங்கள் விடியலில் கூடத்துக்குத் தூக்கிப் போனேன்.
மொசைக் தரை.
டக்.
திருப்பி வைத்தேன்.
டக்.
டேப்பை இழுத்தேன்:
நாற்பத்திரண்டு, நாற்பத்திரண்டு, நாற்பத்திரண்டு,
நாற்பத்தொன்று புள்ளி ஏழு.

கெடிலம் உள்ளே வந்து போன வருஷம்
மாடிப்படிக்கு அடியில் அவசரமாகப் பூசிய சிமெண்ட்,
ஒரு மூலை மேடு.
அந்த மேட்டுக்குத் தக்கபடி
நாலாவது காலைச் சீவியிருக்கிறேன்.
தரை சொன்ன பொய்க்கு
முத்திரை குத்தியிருக்கிறேன்.

மூன்று மில்லிமீட்டர்.
கடைக்காரர் என்றால் இந்நேரம் நோட்டீஸ்.
மற்ற மூன்றையும் அறுக்கலாம்,
அதில் ஒன்று கோணினால் திரும்ப மூன்று,
இப்படியே போனால்
வெள்ளிக்கிழமைக்குள் மேசை மணையாகிவிடும்.
ரம்பத்தைக் கையில் எடுக்கும்போது
பைக் சத்தம்.

செருப்பைக் கழற்றினான்.
என்னைப் பார்த்தான், ரம்பத்தைப் பார்த்தான்,
மேசையை ஒரு விரலால் அழுத்தினான்.
டக்.
ஒன்றும் பேசாமல் சமையலறைக்குப் போய்
சுண்டைக்காய் அளவு புளி எடுத்து வந்து
உருட்டி, காலுக்கடியில் வைத்து
உள்ளங்கையால் மேலே அமுக்கினான்.
ஆட்டம் நின்றது.

"காத்துக்கு ஆடுச்சு மேடம்,
அதுக்குத்தான்" என்றான்.

அந்தக் கதையை
நின்றபடிதான் சொல்லியிருப்பேன்.

எழுதவில்லை.
தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தோம்.
முழுதாகக் காயாத வார்னிஷில்
டம்ளர் இரண்டும் இரண்டு வட்டம் போட்டன.
அலுவலகம் போய்ச் சேர
பத்தேகால்.

சாயங்காலம் வந்து பார்த்தால்
நாலாவது காலைச் சுற்றி
எறும்பு.