கோடு போட்ட இடம்

மல்லாவி ஆஸ்பத்திரியில்
சிவஞானவதியின் இரத்தம் சுழன்று நின்றது.
தெளிந்த மஞ்சள் நிற்கவேண்டிய இடத்தில்
வடித்துவிட்ட கஞ்சி.

"சாப்பிட்டியளோ அக்கா?"
"ராத்திரி எட்டுக்குப் பிறகு
பச்சைத்தண்ணியும் இல்லை.
பட்டினி எனக்குப் புதுசே?"
பஞ்சை அழுத்திக்கொண்டு சிரித்தா.
மாங்குளம் சந்தியில் ரோல்ஸ் பொரிக்கிற கை.
எண்ணெய் தெறித்த புள்ளிகள்,
பழசின் மேல் புதுசு.

ட்ரைகிளிசரைட் அறுநூற்றுப் பன்னிரண்டு.
நல்ல கொழுப்பு இருபத்தொன்பது.
கெட்டதற்குக் கணக்கு ஓடவில்லை;
முதலாவது நானூறு தாண்டினால்
சூத்திரம் கைவிரித்துவிடும்.
அந்த இடத்தில் ஒரு கோடு போட்டேன்.

பதினொரு வருசச் சீனி.
போன மாதம் குதிக்காலில் ஏறிய காரைமுள்
மூன்று நாள் உள்ளேயே இருந்ததாம்.
செருப்பில் சீழைக் கண்டு
மகன்தான் கூட்டிவந்தான்.
முள்ளுக்குப் பேசாத உடம்பு
எதற்குப் பேசும்?

"நெஞ்சில நோ ஏதும்?"
கேட்பது என் வேலையில்லை, கேட்டுவிட்டேன்.
"ஒண்டுமில்லைப் பிள்ளை.
இடைக்கிட களைக்கும், அது அடுப்படி வெக்கை.
மா குழைச்சு வைச்சிட்டு வந்தனான்.
ஒன்பது மணி பஸ்ஸுக்குப் போகட்டே?"

ஒண்டுமில்லை.
வேறு யாரும் சொல்லியிருந்தால்
நிம்மதியாய் அடுத்த குழாயை எடுத்திருப்பேன்.

நாற்பத்தியோராம் நம்பர்க் கொப்பியை
எல்லாக் கொப்பிக்கும் மேலே வைத்தேன்.
வரிசையில் முணுமுணுத்தார்கள்.
முணுமுணுக்கட்டும்.

வெளியே பஸ் ஹோர்ன் அடித்தது.
அவ பையைத் தோளில் போட்டா.
"இருங்கோ" என்றேன்.
"மா புளிச்சிடும்" என்றா.
"புளிக்கட்டும் அக்கா,
இருங்கோ."