நாற்பத்தாறு

கம்பனி மூடிப் பதினொரு வருடம்.
பச்சை டொங்கிளைப் பிடுங்கினால்
பழைய கொம்பியூட்டர் ஒரு கோடும் காட்டாது.
ஹட்டன் ஈரத்தில் அது சாகுமுன்
முந்நூற்றுப் பன்னிரண்டு பைல்களையும்
மாற்றிவிடச் சொன்னார் நிஸ்தார்.

முதலில் மாற்றியது ரோலர் மேசையின் மர அச்சு.
நாற்பத்தாறு அங்குலத்தைப் புதுசு
நாற்பத்தாறு மில்லிமீட்டர் என்று வாசித்தது.
நானும் பார்க்காமல் ஸ்டார்ட் அமுக்க
மறுபேச்சில்லாமல் வெட்டித் தந்தது மெஷின்.
அதன்மேல்தான் இப்போது என் பிளேன்டிக் கிளாஸ்.

வட்டங்கள் இன்னும் மோசம்.
ஒரு வட்டம்
தொண்ணூற்றாறு நேர்கோடுகளாக வந்து விழும்.
கண்ணுக்குத் தெரியாது,
விரலால் தடவினால் தெரியும்.

வட்டகொடைக்குப் போகவேண்டிய பித்தளைச் சட்டத்தில்
ஐந்தாவது துளை மட்டும் மூன்று மில்லி விலகியிருந்தது.
முன்பு வரைந்த சுகுணதாசன்
தூக்கக் கலக்கத்தில் வைத்திருப்பான்.
நேராக்கி, வெட்டி, பஸ்ஸில் போட்டுவிட்டேன்.

மறுநாள் இரவு ஃபோன்.
பின்னால் கொழுந்து வாட்டும் விசிறிகளின் இரைச்சல்.
"போல்ட் இறங்கல தங்கச்சி.
சட்டம் சரிதான்,
எங்க மேசதான் கோணல்."

துளையைப் பழைய இடத்துக்கே தள்ளினேன்.
பிறகு, மாற்றி முடித்த இருநூற்று நாலையும்
ஒவ்வொன்றாகத் திறக்கிறேன்,
வேறு எதையெல்லாம் நேராக்கித் தொலைத்தேனோ.

டொங்கிள் இன்னும் எரிகிறது.