பதினொரு நொடி

காணொளியில் ஒலி இல்லை.
கொவ்வொலாவுக்கு வெளியே, நெடுஞ்சாலையோரப் பெட்ரோல் நிலையம்,
அதன் உணவகம். நவம்பர். இரவு எட்டு நாற்பத்தொன்று.
மூன்று ரோமா பெண்கள் உள்ளே வருகிறார்கள்.
கறுப்பு வெல்வெட் பாவாடைகளின் அகலத்துக்கு
கதவை ஒருத்தி பிடித்துக்கொள்ள
மற்றவர்கள் ஒவ்வொருவராக நுழைகிறார்கள்.
கல்லாவில் நிற்பவர் வாயசைக்கிறார்.
கையை உயர்த்துகிறார்.
விரல் நீளும் திசையில் கதவு.
கதவுக்கு மேலே கடிகாரம்.

மொத்தம் பதினொரு நொடி. அவ்வளவுதான் வழக்கு.

"சமையலறை மூடியாச்சு என்றேன்,
நேரத்தைக் காட்டினேன்" என்கிறார் யோர்மா பூஸ்டினென்.
"மூடியாச்சு என்றார்,
வாசலைக் காட்டினார்" என்கிறாள் மிரெல்லா ஹாகெர்ட்.
சொல்லில் இருவருக்கும் சண்டையில்லை.
ஒரே விரல். அதை
நாற்பது தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துவிட்டோம்,
ஹெல்சிங்கியில், மூன்று பேர், ஆறிப்போன காபியோடு.

எட்டு நாற்பத்தேழுக்கு ஒரு லாரி ஓட்டுநர் வருகிறார்.
அவருக்குக் கிண்ணம் நிறைய சால்மன் சூப்.
இதோ பிடிபட்டது என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.
பூஸ்டினென் தொலைபேசிப் பட்டியலைக் கொடுத்தார்:
ஏழு ஐம்பத்திரண்டுக்கு ஓட்டுநரின் அழைப்பு, நாற்பது விநாடி.
முன்பே சொல்லி வைத்த சூப்.
நிமிர்ந்தவள் மறுபடி சாய்ந்தேன்.

வொய்த்தோ ஹெய்ஸ்கனென் பேனாவை மூடினார்.
"போன மாதம் ஒருவன் நம்மிடம் அழுது அழுது பொய் சொன்னான்,
நினைவிருக்கிறதா?"
நினைவிருக்கிறது.
அந்தப் பொய்க்கான வட்டியை
இவளிடம் வசூலிக்கலாமா என்று கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

தமக்கு முன் எத்தனை கதவுகள் மூடின என்று
மிரெல்லா சொல்லத் தொடங்கினாள்:
இமாத்ராவில் வாடகை வீடு, லாஹ்தியில் துணிக்கடை,
தங்கையின் பள்ளிச் சுற்றுலா.
தலைவர் இடைமறித்தார்.
அவை இந்த வழக்கில் இல்லை.
உண்மைதான். வழக்கில் இல்லை.
வழக்கத்தில் இருக்கின்றன.
வழக்கத்தை விசாரிக்க எங்களுக்கு அதிகாரமில்லை.

நான்தான் கேட்டேன்: "அவர் காட்டியது கதவைத்தான்
என்று உறுதியாகத் தெரியுமா?"
நீண்ட நேரம் தன் கைகளைப் பார்த்தாள்.
"தெரியாது.
அதுதான் என் புகார்."

சுருக்கெழுத்தாளர் தலை தூக்கினார்,
எழுதுவதா வேண்டாமா என்பது போல.

இனி சொல்வதை நான் சொல்லக் கூடாது.
சனிக்கிழமை, யாரிடமும் சொல்லாமல்,
நூற்று நாற்பது கிலோமீட்டர் கார் ஓட்டினேன்.
விசாரிக்கும் இடத்துக்கு
விசாரிப்பவர் தனியே போகலாகாது; விதி தெளிவானது,
அந்த விதியை வகுத்த குழுவில் நானும் இருந்தேன்.
எட்டு நாற்பத்தாறு. கல்லாவில் அவரே.
மூக்குக் கண்ணாடியோடு என்னை அடையாளம் தெரியவில்லை,
அல்லது தெரிந்தும்.
"சூப் கிடைக்குமா?" என்றேன்.
"கிடைக்கும்" என்றார்.
கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை.
ரொட்டி கூடுதலாக வைத்தார். வெண்ணெயும்.

நல்ல சூப். வெந்தயக்கீரை நிறைய.
அரைக் கிண்ணத்தில் தொண்டை அடைத்தது.
புகாருக்குப் பிறகு திருந்தியிருக்கலாம்.
அன்று பாத்திரம் காலியாக இருந்திருக்கலாம்.
வெளிர்முடிக்காரி ஒருத்திக்கு மட்டும்
சமையலறை எப்போதும் திறந்திருக்கலாம்.
'லாம்' 'லாம்' என்று மேசை முழுக்க.
மின்தூக்கியில் ஒருநாள் இரண்டு வெல்வெட் பாவாடைகள் ஏற
என் கைப்பை தானாக மறுதோளுக்கு மாறியதும் நினைவு வந்தது.
அதற்குச் சாட்சி இல்லை. காணொளி இல்லை.
தோளுக்கு மட்டும் தெரியும்.

கிளம்பும்போது திரும்பி நின்று அண்ணாந்து பார்த்தேன்.
கடிகாரம் நான்கு நிமிடம் முன்னால் ஓடுகிறது.
இதையும் கோப்பில் சேர்க்க முடியாது.

திங்கள் காலை தீர்ப்புக் கூட்டம்.
ஹெய்ஸ்கனென் 'நிரூபணமில்லை' என்று தட்டச்சு செய்தே கொண்டுவருவார்.
நான் விலகல் கடிதம் தந்தால்
என் இடத்துக்கு வருபவர் அதே பதினொரு நொடியை
முதலிலிருந்து பார்ப்பார், ஒலியில்லாமல்.
தராவிட்டால் நான் உண்டதை மறைத்துத்தான்
கை தூக்க வேண்டும், எந்தப் பக்கமானாலும்.

ரசீது மேலங்கிப் பையில் கிடக்கிறது, சாவியோடு மடங்கி.
சூப் ஒன்று. பதினொன்று யூரோ எண்பது.
நன்றி, மீண்டும் வருக.