வலது இருக்கையின் கணக்கு

ஒதிலோன் முதலில் பணத்தைப் பற்றிக் கேட்கவில்லை.
"எத்தனை பெட்டி ஏற்றுவாய்?"
பன்னிரண்டு, என்றேன்.
பன்னிரண்டு தேன்பெட்டிகள், யூகலிப்டஸ் பூக்கும் மார்ச்சில்,
பைசாந்துவிலிருந்து கிழக்கே, சரளைச் சாலையில், இரவில்,
தேனீக்கள் விழித்துக்கொள்ளாது என்று நாங்கள் நம்பும் வேகத்தில்.
"ஆட்கள்?"
அதற்குத்தான் பதில் வரவில்லை.

அறுபத்துநான்காம் வருடத்து ஓப்பல் ரெக்கார்ட். கேரவன்.
பின்கதவு வெள்ளை, மற்றதெல்லாம் ஒருகாலத்தில் நீலம்.
பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது.
ஒவ்வொரு வேகத்தடையிலும் சைலன்சர் தரையோடு பேசும்,
அச்சில் ஏற்ற முடியாத வார்த்தைகள்.

சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்புவரை
நாடா பிடித்தார்.
இடது முப்பத்தாறு.
வலது முப்பத்துமூன்றரை.
மறுபடி பிடித்தார். அதேதான்.
"ஓட்டுகிறவர் பக்கம்தான் இறங்கும், வழக்கமாக,"
என்று என்னை அளந்தார், நாடா இல்லாமல். ஐம்பத்திரண்டு கிலோ.
"வலப்பக்கம் யார்?"

ஃபெர்மின். என் தம்பி.
நூற்றுப் பதினெட்டு கிலோ, கையில் மாத்தே குடுவை,
கக்கத்தில் வெந்நீர் ஃபிளாஸ்க்,
பத்தொன்பது வருடம் ஓட்டக் கற்றுக்கொள்ளாதவன்.
ஆகஸ்டில், ஐம்பத்தெட்டு வயதில், சால்தோவில் ஒருத்தியைக் கட்டிக்கொண்டான்.
செப்டம்பரில் லைசென்ஸ் வாங்கிவிட்டான்.

"அவரையும் சேர்த்தா, சேர்க்காமலா?"

சாக்கு விரித்து வரிசையாக வைத்தார்.
ஐந்து பட்டை, ஆற்றுக்கு அக்கரை அர்ஜென்டினாவில் அடித்தது,
செடானுக்கானது. மெத்தென்று போகும்,
பெட்டி ஏறினால் மண்டியிடும்.
ஏழு பட்டை, ஆட்டு வியாபாரிகள் வாங்குவது.
காலி வண்டியில் முதுகெலும்பை ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டும்.
ஆறு, கேரவனுக்கு உரிய கணக்கு,
ஆனால் கண்துளை சிறியது, புஷ்ஷைக் கடைந்துதான் நுழைக்கணும்.
அல்லது பழையதையே பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் இறக்கி
வளைவை மீட்கலாம்.

எனக்கு அதில்தான் ஆசை. மலிவு.
மற்ற எதற்கும் நிமிர்வு ஆரோக்கியம்;
இந்த நாணில்லாத வில் மட்டும்
களைத்தால்தான் நிமிர்கிறது.
வலதைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவினோம்.
இரண்டாம் பட்டையில், மையப் போல்ட்டுக்கு அருகே,
மயிரிழை விரிசல். ஒதிலோன் நகத்தால் தடவிப் பார்த்து
என் நகத்தையும் பிடித்துத் தடவவைத்தார்.
ஆசை போயிற்று.

"இடப்பக்கம் ஐந்து, வலப்பக்கம் ஆறு?"
இதை நான் பெரிய யோசனை என்றே நினைத்தேன்.
கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:
"ஜோடியாகத்தான் தருவேன்.
பிரேக் அடிக்கும்போது வண்டி இரண்டு ஊருக்குப் போகப் பார்க்கும்."

ஆறு. ஜோடி. மூன்று தவணை.

பூட்டியதும் ஓப்பல் வெட்டுக்கிளிபோல் பின்னே எழும்பி நின்றது.
நான் பதறினேன்.
"இன்னும் முறுக்கவேயில்லை. அந்தரத்தில் முறுக்கினால்
ரப்பர் திருகிக்கொண்டு சாகும்.
சக்கரம் தரையில் இருக்கணும், பாரம் உள்ளே இருக்கணும்.
நாளைக்கும் இருக்கப்போகிற பாரம்."
பன்னிரண்டு பெட்டிக்குப் பதில்
பக்கத்துக் கடையிலிருந்து பதினான்கு சிமெண்ட் மூட்டை,
கிழிந்தால் என் கணக்கு.
ஸ்டீயரிங் முன் நான்.

அடியிலிருந்து குரல் வந்தது.
"இப்படியேவா?"
ஃபெர்மினைக் கூப்பிட்டால் வருவான். ஒன்றரை மணி நேரம்,
இப்போது தானே ஓட்டிக்கொண்டு.
வந்து உட்கார்ந்து, போல்ட் முறுக்கும்வரை மாத்தே குடித்து,
திரும்பிப் போவான்.
"இப்படியே," என்றேன்.
ஸ்பானர் ஏறும் சத்தம் இருக்கை வழியாக
என் இடுப்புக்கு வந்தது. முதலில் இடது. பிறகு வலது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் மூன்று வேகத்தடை.
சைலன்சர் வாயைத் திறக்கவில்லை.
மூன்றாவதில் ஃபிளாஸ்க் வலது இருக்கையிலிருந்து உருண்டு விழுந்தது.
ஓரங்கட்டி, எடுத்து, துடைத்து, நிறுத்திவைத்து,
சாயாமலிருக்க ஜாக்கியை அணைவாக வைத்தேன்.
ஒன்பது கிலோ இருக்கும், ஜாக்கி.
அதை ஒதிலோனிடம் சொல்லவில்லை.