நான்காவது தட்டு

கடைசிக் கப்பல் ஆறரைக்கே போய்விட்டது.
ஹீயுமா தீவில் பிப்ரவரி.
சன்னலுக்கு வெளியே
கடல் கெட்டியாகும் சத்தம்.

கையுறைப் பட்டறையில் நாங்கள் மூன்று பேர்,
ஒரு பின்னல் இயந்திரம்,
அதை ஆட்டிவைத்த கணினி.
மதியம் கறுத்த திரையில்
ஒற்றைக் கோட்டைக் கண்சிமிட்டிக் காட்டியது.
பிறகு வாய் திறக்கவில்லை.
அதன் வயிற்றுக்குள்
கப்பல் ஊழியர்களின் நாற்பது சோடிக்கான கோலங்கள்.
வெள்ளிக்கிழமை கெடு.

மீட்புத் தட்டு ஒன்று சுட்டால் போதும் என்றான் நீமே.
பென் டிரைவை அந்தக் கிழட்டு ஜன்மம் மதிக்காது.
நான் கணக்கெழுதும் கணினிக்கும்
அப்படியொன்றும் வயது குறைவில்லை,
ஆனால் சிடி எழுதும்.
வெற்றுத் தட்டுகள் நான்கு கிடைத்தன,
மைமுவின் இழுப்பறையில், பொத்தான்களுக்கு அடியில்.

முதலாவதில்
கோப்பை இழுத்து அப்படியே போட்டேன்.
எழுதி முடித்தது என்றது. கை தட்டினோம்.
நோயாளிக்கு ஊட்டினோம்;
விழுங்கியது, எழுந்திருக்கவில்லை.
திறந்து பார்த்தால் உள்ளே ஒரே கோப்பு,
கட்டவிழாத மூட்டை.
"கட்டிலை அட்டைப்பெட்டியோடு அறையில் வைத்துவிட்டு
அதில் தூங்கு என்கிறாய்" என்றான் நீமே.
படிமமாக எழுத வேண்டுமாம்.
அதற்கு வேறு பொத்தானாம்.
எனக்கு யார் சொன்னார்கள்?

இரண்டாவது அவசரத்துக்குப் போயிற்று.
நாற்பத்தெட்டு மடங்கு வேகம்.
தட்டு உள்ளே ஊளையிட, மேசை நடுங்கி
என் பேனா உருண்டு விழுந்தது.
பாதி வரை படித்த கணினி
ஒரு சொல்லில் திக்கி நின்றுவிட்டது.

மூன்றாவதை என்ன செய்தேன் என்று
அவர்களிடம் நான் சொன்னதே இல்லை.
சும்மா இருக்க முடியாமல்
சீட்டாட்டத்தைத் திறந்தேன்.
சிவப்பு ஏழைக் கறுப்பு எட்டின்மேல் வைத்த நொடியில்
எழுதிக்கொண்டிருந்த ஒளிக்கு
எழுத்து வந்து சேரவில்லை.
நூல் அறுந்தால் பின்னலில் ஓர் ஓட்டை;
இங்கே தட்டு முழுக்க ஓட்டை.
மட்டமான சரக்கு என்றேன்.
நீமே தயாரித்தவனைத் திட்டினான்.
நானும் சேர்ந்து திட்டினேன்.

மிச்சம் ஒன்று.
நான்கு மடங்கு; அதற்குக் கீழே இறங்க அதற்குத் தெரியாது.
நீமே தொலைபேசிக் கம்பியைப் பிடுங்கினான்.
நான் எலியை விட்டு
இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.
மைமு பேச்சை நிறுத்தினாள்,
கணினிக்குக் காது இல்லை என்று தெரிந்தும்.
இருபது நிமிடம்.
நீலப் பட்டை
எறும்பு அரிசியை இழுப்பதுபோல் நகர்ந்தது.
எண்பத்தொன்பதில் நெடுநேரம் யோசித்தது.
எனக்கு மூக்கு அரித்தது. சொறியவில்லை.

தட்டு நாக்கு நீட்டியது.
ஆக்கப் பொறுத்தவர்கள் ஆறப் பொறுக்கவில்லை:
மூவரும் ஒரே நேரம் கை நீட்டினோம்.
அப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்த பன்னின் சூடு.
அடிப்பக்கம், எழுதிய வரையில்
பச்சை ஒரு சாயல் கறுத்திருந்தது.

கறுத்த திரையில் வெள்ளை வரிகள் ஓடின,
எங்களில் யாருக்கும் புரியாத வரிகள்.
மைமு மட்டும்
தையல் எண்ணுகிறவள்போல் உதடசைத்தாள்.

கோலங்கள் வந்துவிட்டன,
ஒரு இடது கட்டைவிரல் தவிர.
வலதைத் திருப்பிப் போட்டு
விடியும்வரை கட்டம் கட்டமாய் வரைந்தாள்.

பாழான மூன்றும் இப்போது
காப்பிக் கோப்பைகளுக்கு அடியில்.
நீமேயின் கோப்பைக்குக் கீழே இருப்பது முதலாவது.
அதில் ஒரு எழுத்துகூடக் குறையவில்லை.
எல்லாம் இருக்கிறது,
பெட்டிக்குள்.