ஐம்பதுக்குக் கீழே

பங்குனி. இரவு பதினொன்று ஐம்பத்திரண்டு.
பல்லடத்துக்குத் தெற்கே எங்கள் துணைமின் நிலையம்.
சுவரில் சிவப்பு எண்:
ஐம்பது புள்ளி பூச்சியம் ஒன்று.
நான் சுண்டல் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

எண் இறங்கியது,
தறிக்காரர் ஒருவர் கணக்கைப் பார்த்துவிட்டு
பேசாமல் உட்காருவதுபோல.
நாற்பத்தொன்பது தொண்ணூறு. எண்பத்தி மூன்று. எழுபத்தி எட்டு.
மின்மாற்றிகளின் ரீங்காரம்
கால் சுருதி தாழ்ந்ததாகத் தோன்றியது எனக்கு.
திருமூர்த்தி அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை.
"அதெல்லாங் காதுக்குத் தெரியாதுங் மேடம்."

போன். ஈரோட்டிலிருந்து தஸ்லீம்.
எப்போதும் சாப்பிட்டாச்சா என்று தொடங்குகிறவர்
"தெற்கே உலை ட்ரிப்" என்றார்.
"ஆயிரம் மெகாவாட், ஒரே அடி. காரணம் தெரியல.
காத்தும் இல்ல. நீங்க பதினஞ்சு கழட்டுங்க."

காற்று இல்லாததை ஜன்னலில் பார்த்தேன்.
கேத்தனூர்ப் பக்கம் காற்றாலைகள்
தலையில் சிவப்பு விளக்கை மட்டும் எரியவிட்டு
ஆனி வரட்டும் என்று நின்றன.

பதினைந்தை எதில் எடுப்பது?
கரடிவாவி ஃபீடரில் கறிக்கோழிப் பண்ணைகள்.
விசிறி நின்றால் இந்தப் புழுக்கத்தில்
ஒன்றின்மேல் ஒன்று ஏறியே செத்துப்போகும்.
இன்னொன்றில் கல்யாண மண்டபம்,
இணைச்சீருக்கு ஆள் கூடியிருக்கும் நேரம்.
சித்தம்பலத்தில் தறிகள்.
அதில் முப்பத்தாறு என் நங்கையா வீட்டுத் தறிகள்,
காலை ஏழுக்கு லாரி.

கூடப் படித்த ரெக்ஸலின் அந்த உலையில்தான் இருக்கிறாள்.
இன்று இரவு ஷிப்டு என்று மத்தியானமே சொன்னாள்.
முன்பு ஒருநாள், பஸ்ஸுக்கு நிற்கையில்,
வேர்க்கடலை மென்றபடி சொன்னது இது:
"நிறுத்திட்டா முடிஞ்சுதுன்னு நெனைக்காத பிள்ளே.
தடியெல்லாம் எறங்கி, வினை நின்ன பெறவும்
உள்ள சூடு கெடக்கும், நாள்கணக்கா.
தண்ணி ஓடிட்டே இருக்கணும்.
அந்தப் பம்புக்குக் கரண்டு வெளியேருந்துதான் வரணும்.
டீசல் இருக்கு. ஆனா டீசலக் கேக்குற நாளு
வராம இருக்கணும்."

இத்தனை நாள் அள்ளி ஊற்றிய கை
இப்போது ஒரு சொம்பை நீட்டுகிறது.

சித்தம்பலம், ஆஃப்.
தெற்கே வானத்தின் அடியில் ஒரு துண்டு அவிந்தது.
தறிச்சத்தம் போனபோதுதான்
இவ்வளவு நேரம் அது இருந்தது தெரிந்தது.
எங்கோ ஒரு நாய்.
பிறகு என் செல்போன்: நங்கையா.
எடுக்கவில்லை.
மறுபடி நங்கையா.
போனைக் கவிழ்த்து வைத்தேன்,
அது மேசையில் நண்டுபோல நகர்ந்தது.

கோழிப்பண்ணை மாசிலாமணி நிலையத்துக்கே அடித்தார்.
"எங்களுதயும் புடுங்கப் போறீங்களாங்?"
இல்லைங்க, என்றேன்.
இன்னும் ஐந்து கேட்டால் என்ன சொல்வேன் என்று
அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இடையில் ரெக்ஸலினுக்கு ஒரு செய்தி அனுப்பினேன்.
உள்ளே போன் கொண்டுபோக விடமாட்டார்கள், தெரியும்.
சாப்பிட்டியா, அவ்வளவுதான்.
ஒற்றைச் சாம்பல் டிக்.

மேற்கே மலைமேல் கடம்பாறையில்
யாரோ தண்ணீரைத் திறந்துவிட்டிருக்க வேண்டும்.
எண் மெல்ல ஏறியது.
எண்பத்தி ஒன்பதில் கொஞ்ச நேரம் நின்று யோசித்தது.
பன்னிரண்டு நாற்பத்தொன்றுக்குச் சித்தம்பலம், ஆன்.
தறிகள் ஒவ்வொன்றாக எழுந்தன,
யார் வீட்டில் யார் விழித்திருந்தார்களோ அந்த வரிசையில்.
நங்கையா வீட்டுத் தறி எதுவென்று
காதை வைத்துத் தேடினேன்.
அதுவும் காதுக்குத் தெரியவில்லை.

பதிவேட்டில் நேரம் எழுதினேன், மெகாவாட் எழுதினேன்,
சொன்னவர் பெயர் எழுதினேன்.
காரணம் என்ற கட்டத்தில்
பேனா முனையை வைத்த புள்ளி மட்டும் இருக்கிறது.

ஆறரைக்கு வண்டியை எடுக்கையில்
நங்கையாவின் ஒன்பது அழைப்புகளுக்கு மேலே
ரெக்ஸலின் வந்திருந்தாள்.

"இன்னும் இல்ல. சூடு ஆறட்டும்."